மேடையில் கிடைத்த பெயரடை

ஆண்டு விழா மேடையில் தாளாளர் என்னை ‘வெர்சடைல் டீச்சர்’ என்றார். கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அரூர்ப் பக்கம் இருக்கும் இந்தத் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தத்தான் சேர்ந்தேன். விளையாட்டு ஆசிரியர் வேலையை விட்டுப் போனார்; விசில் என் கழுத்துக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு அறிவியல் டீச்சர் பிரசவத்துக்குப் போனார், அதுவும் எனக்கே. சித்தேரி மலைப் பாதையில் பள்ளி வேனோடு போய்வர ஆள் இல்லை என்றார்கள், ஏறிக்கொண்டேன். இதற்கிடையில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் வேறொருவருக்குப் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் “சரிங்க சார்” என்றுதான் சொன்னேன். வாயில் கொழுக்கட்டை.

வரும் வருடமாவது என் வகுப்பைத் திருப்பிக் கேட்டுவிட வேண்டும் என்று அன்று முடிவோடு வந்திருந்தேன். மறுநாள் வகுப்புகளைப் பிரித்துவிடுவார்கள். விழா முடிந்ததும் தாளாளரைப் பிடித்தால்தான் உண்டு.

பொம்மிடியிலிருந்து அப்பா வந்திருந்தார். நான் மேடையிலிருந்து இறங்கியதும் கேட்டார்.

“சார் என்னமோ இங்கிலீசுல சொன்னாரே பாப்பா, அப்படின்னா என்ன?”

“பல வேலையும் நல்லா செய்யறவங்கன்னு அர்த்தம்ப்பா.”

பொய்யில்லை, அகராதியும் அதைத்தான் சொல்கிறது. மட்டையும் பிடித்துப் பந்தும் வீசுகிறவனை அப்படிச் சொல்லலாம். பாடவும் ஆடவும் தெரிந்தவளைச் சொல்லலாம். அவர்கள் விரும்பிச் செய்கிறார்கள். மற்றவர்கள் விட்டுப்போனதெல்லாம் தலையில் விழ, முடியாது என்று சொல்லத் துப்பில்லாமல் நிற்கிறவளுக்கு ஒரு மாணவி அந்தச் சொல்லை எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். இதை அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் “எம்பொண்ணு இங்கிலீசு டீச்சர்” என்று சொல்லி வைத்திருக்கிற மனிதர் அவர்.

பந்தலுக்கு வெளியே தாளாளர் தனியாக நின்றிருந்தார். விட்டால் கிடைக்க மாட்டார் என்று வேகமாகப் போனேன். “சார், அடுத்த வருசம்...” என்று ஆரம்பிப்பதற்குள், பின்னாலேயே வந்த அப்பா கும்பிட்டார்.

“எம்பொண்ணுக்கு நல்ல பேரு குடுத்தீங்க சார். எந்த வேலை சொன்னாலும் மாட்டேன்னு சொல்லாதுங்க. வூட்டுலயும் அப்படித்தானுங்க.”

தாளாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “தெரியுங்க ஐயா. மத்தவங்களைக் கேட்டுத்தான் வேலை குடுப்பேன். டீச்சரைக் கேக்கறதே இல்லைங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “என்னமோ சொல்ல வந்தீங்களே டீச்சர்?”

“ஒண்ணுமில்லைங்க சார்.”

அப்பா பெருமையில் சிரித்தார். தாளாளரும் சிரித்தார். வெட்கக்கேடு, அவர்கள் இருவரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.