ஒரே பிறந்த தேதி

முதல் வகுப்பில் சேர்ந்த அன்று நான் போட்ட கூச்சலில் தென்காசியில் எங்கள் தெருப் பள்ளிக்கூடமே கூடிவிட்டதாம். தங்கச்சியும் கூட வந்தால்தான் உட்காருவேன் என்று தரையில் புரண்டேன். எனக்கு ஆறு வயது, அவளுக்கு நாலரை. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். அவளுக்கு எட்டவில்லை. என் அழுகை நின்றால் போதும் என்று அப்பா எங்களை இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லி, என் பிறந்த தேதியையே அவளுக்கும் எழுதவைத்தார். அப்பா போலீஸ்காரர். சீருடையில் வந்து சொன்னவரை யார் மறுத்துக் கேட்பார்கள்?

நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அவள் நானூறு மீட்டரில் மாநிலம்வரை போய் ஜெயித்துவிட்டாள். நான் கைதட்டுவதில் மட்டும் கெட்டிக்காரி. பல நாட்டுப் பிள்ளைகள் ஓட்டம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று ஒரே இடத்தில் கூடும் போட்டி ஒன்று வெளிநாட்டில் நடக்கவிருந்தது. பட்டியலில் இவள் பெயரும் இருந்தது. விமானத்தில் செருப்போடு ஏறலாமா என்று வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் பதினைந்து முடிந்தவர்கள் போக முடியாது. உண்மையில் அவளுக்குப் பதிமூன்றரை. பள்ளிப் பதிவேட்டில் போன மாதம் பதினைந்து முடிந்திருந்தது. விளையாட்டு டீச்சர் அதோடு விடவில்லை. பதிவேட்டில் இருப்பது தப்பான தேதி என்று மேலே மனு எழுதினார். விசாரிக்க வேண்டிய அதிகாரி அப்போது சாரலுக்காகக் குற்றாலம் வந்திருந்தார். எங்களை அங்கேயே வரச் சொன்னார்.

அப்பாவுக்கு அப்போது புளியறை சோதனைச் சாவடியில் வேலை. பஸ்ஸில் போகும்போது எங்களிடம் சொன்னார்: “கேட்டா உள்ளதச் சொல்லுங்கட்டி. பொய்யா எழுதிக் குடுத்தேன்னு என் வேல போனா போவுது. பிள்ள போயிட்டு வரட்டும்.” சொல்லும்போதே அவர் குரல் நடுங்கியது.

அதிகாரி அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார். முதலில் அப்பாவைத்தான் கேட்டார். அப்பா தன் போலீஸ் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். யார் முன்னாலும் அப்படிக் கூனி நின்று நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. நீங்க ரெண்டு பேரும் ரெட்டைப் பிள்ளைங்கதானா?”

இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். “ஆமா சார்,” என்றேன்.

அவர் நம்பவில்லை. அவள் என் தோள் உயரம்கூட இல்லை. “ஏம்மா, போட்டிக்குப் போகணும்னு உனக்கு ஆசை இல்லையா? பயப்படாம உண்மையைச் சொல்லு,” என்று அவளிடம் கேட்டார்.

அவள் அப்பாவின் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றும், சொல்லிவிடக் கூடாது என்றும் நான் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

“ரெட்டதான் சார்,” என்றாள் தங்கச்சி. “அவ பத்து நிமிசம் முந்திப் பொறந்துட்டா.”

அதிகாரி பேனாவை எடுத்துப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.