அணைக்காத கம்ப்யூட்டர்

மனோகரன் சிங்கப்பூருக்கு இக்கரையில் உள்ள ஸ்கூடாயில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். வாய் ஓயாத மனுஷன். ஏறுகிறவர்களை நாலு வார்த்தை கிண்டல் பண்ணாமல் வண்டியை எடுக்கமாட்டார். மகள் தேன்மொழி போனதிலிருந்து அந்த வாயும் போச்சு.

எல்லை தாண்டி சிங்கப்பூர் வேலைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வந்த பெண். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை லாரி மோதி விழுந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் அவள் விட்டுப்போன கோலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பாதி எழுதின வேலை விண்ணப்பம், தாலிக்கொடி டிசைன்கள் என்று முப்பது நாற்பது பக்கம் திறந்து கிடக்கிறது. கரண்டு போனால் என்ன ஆவது என்று அதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி வேறு வாங்கி வைத்திருக்கிறார். பைத்தியக்காரத்தனம்தான். பெற்றவனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

மனைவி சந்திரமதி தையல்காரி. இந்த வருஷம் வீட்டில் தீபாவளி கிடையாது, ஊராருக்குத்தான் ரவிக்கை தைக்கிறாள். அவர்கள் அனுப்புகிற மாடலைக் கம்ப்யூட்டரின் பெரிய திரையில் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

"என்னங்க, ஒரு படம் திறக்கிறதுக்குள்ள ஒரு கையே தைச்சிடலாம் போல. ஏதாச்சும் பண்ணுங்க" என்று தினமும் நச்சரிப்பு.

ரேம் என்கிற நினைவகத்தைக் கூட்டினால் வேகம் சரியாகிவிடும் என்று பஸ்ஸில் யாரோ சொல்ல, மனோகரன் அதைப் பிடித்துக்கொண்டார். எதையும் மூடவேண்டாம், இடம் கூடினால் போதும். கம்ப்யூட்டர் கடை ரபீக்கை வீட்டுக்கே வரச் சொன்னார்.

ரபீக் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ரேம் எதுக்கு அங்கிள்? இருக்கிறதே தாராளம் லா. இதையெல்லாம் மூடிட்டா பறக்கும்."

"மூடக் கூடாது தம்பி. ரேமைப் போடு."

"சரி, அப்ப ஆஃப் பண்ணிடவா?"

மனோகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு ஆஃப்?"

"ஆஃப் பண்ணாம எப்படி அங்கிள் மாட்டுறது? அஞ்சே நிமிஷம். எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு, திரும்பத் திறந்து தர்றேன்."

"நீ திறந்தா, அது என் மக திறந்து வெச்சது ஆகுமா?"

மனோகரன் மனைவியைப் பார்த்தார். இத்தனை நாள் நச்சரித்தவள், அணைக்கத்தான் சொல்வாள் என்று நினைத்தார்.

"வேணாம் தம்பி, நான் போன்லயே பார்த்துக்கிறேன்" என்றாள் சந்திரமதி. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரியில அவளோட மூச்சு மெஷினை நிறுத்தச் சொல்லி நாமதான் கையெழுத்துப் போட்டோம். இன்னொரு தடவை நம்ம கையால வேணாங்க. அதுவா நிக்கிறப்ப நிக்கட்டும்."

மனோகரன் கம்ப்யூட்டர் முன்னால் மகள் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.