தலைக்கு மேல் ஒரு சாண்

நகராட்சி அதிகாரி வெள்ள முன்னேற்பாட்டுக் கூட்டம் போட்டு, ஆற்றங்கரைத் தெருவுக்குத் தன்னார்வலர் யார் என்று கேட்டபோது, எல்லாரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். தையல்காரி மட்டும் அந்த நேரம் பார்த்துத் தும்மித் தொலைத்தாள். நிமிர்ந்து பார்த்த அதிகாரி ஒரு விசிலையும் தொளதொள மஞ்சள் சட்டையையும் அவள் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். சட்டையைப் பிரித்துத் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டதும் பாதி வேலை முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

முதல் ஒத்திகையில், விசில் ஊதியதும் பத்து நிமிடத்தில் தெருவே பள்ளிக்கூட மாடிக்கு ஏற வேண்டும். ஏறியது கொத்தனாரான அவள் கணவனும் ஒரு பூனையும்தான். போன வெள்ளம் முழங்காலைத் தாண்டவில்லை என்று ரொட்டிக்கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். வெள்ளம் வந்து பன்னிரண்டு வருஷம். அவர் இந்தத் தெருவுக்கு வந்து எட்டு வருஷம்!

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிச் சுவரில் பழைய வெள்ளக் கறை அப்படியே இருந்தது. கணவன் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ரப்பர் குழாயைப் பிடித்து, அந்த உயரத்தை வீட்டுக்கு வீடு சுவரில் நீலச் சுண்ணக்கட்டியால் கோடாக இழுத்தாள். பிறகு அளவு நாடாவோடு கிளம்பி, ஆட்களை ஒவ்வொருவராகக் கோட்டருகே நிறுத்தினாள்.

“அண்ணே, உங்களுக்கு மூக்கு வரைக்கும்.”

ரொட்டிக்கடைக்காரர் தன்னையறியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டார். அடுத்து அவள் மாமியார். எக்கி எக்கி நின்று பார்த்தார்.

“தலைக்கு மேல ஒரு சாண், அத்தை.”

“சரியா அளந்தியா?”

“உங்க சட்டையை என்னைக்காவது தப்பா அளந்திருக்கேனா?”

அடுத்த ஒத்திகைக்கு விசில் ஊதுமுன்பே மாமியார் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். தூக்கிப் போனது கொத்தனாரும் ரொட்டிக்கடைக்காரரும். அந்தப் பவனி அவருக்குப் பிடித்துப்போய், வாராவாரம் ஒத்திகை வைக்கச் சொல்லி நச்சரித்தார்.

மழைக்காலத்தில் ஒரு நண்பகல், அணை திறந்துவிட்டார்கள், ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று அவள் போனுக்குச் செய்தி வந்தது. கன்னம் புடைக்க ஊதினாள். நாற்பத்து மூன்று வீடும் ஒன்பதே நிமிடத்தில் மாடியில் இருந்தன. ரொட்டிக்கடைக்காரர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டிகளைத் தட்டோடு கொண்டுவந்துவிட்டார். சூடு பொறுக்காமல் கைமாற்றிக் கைமாற்றித் தின்றார்கள். பிழைத்துக்கொண்டோம் என்பது தலைக்கேற, யார் எதைச் சொன்னாலும் சிரிப்பாக வந்தது.

சொன்னபடி தண்ணீர் வந்தது. தையல்காரியின் ஜன்னல் வழியே நூல்கண்டுகள் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக மிதந்து, தெருவில் வரிசைகட்டிப் போயின.

“அந்த ஊதா என் சட்டைக்கு வெச்சிருந்ததுதானே?” என்று ஒருத்தி மேலிருந்து கேட்டாள்.

“நாளைக்குத் தர்றேன்னு சொன்னேன்ல, அதான் இன்னைக்கே உன் வீட்டுக்குக் கிளம்பிடுச்சு” என்றாள் தையல்காரி. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. கொஞ்சம் அழுகையும் அதில் கலந்திருந்தது. கணவன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான்.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சேற்றில் புதைந்த தையல் மெஷினைத் தோண்டியெடுத்து எண்ணெய் விட்டார்கள். கீச்சுக் கீச்சென்று முனகியபடி ஓடுகிறது. இப்போது பக்கத்துத் தெருக்காரர்களும் கோடு போடக் கூப்பிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கடையை மூடிவிட்டு, கணவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, குழாயை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.