குங்குமம் வைத்த ஸ்பேனர்

கல்யாணமான முதல் வருஷம். ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை வீடு. என் கணவருக்கு அடுகோடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. எனக்கு அப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்திருந்தது. முதல் மாதத்தில் ஒரு நாள் லேட்டாக வந்தாலும் வேலை போய்விடும் என்று மேட்ரன் கறாராகச் சொல்லியிருந்தார். நான் வேலைக்குப் போவதைப் பற்றி என் கணவர் நல்லதாகவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. மனதில் என்ன இருக்கிறதோ என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஆயுத பூஜை அன்று எனக்கு மதிய டியூட்டி. காலையிலேயே என் லேடீஸ் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செயின் தேய்ந்து தொங்கியது. பின்சக்கரத்தை அதற்கு மேல் பின்னால் இழுக்க இடமில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஒரு ஜோடிக் கண்ணியைக் கழற்றி எடுத்துவிட்டுச் சேர்த்தார். சக்கரத்தை இழுத்துப் பிடித்து நட்டை முடுக்கினார். "இப்ப பாரு, எப்படி நிக்குதுன்னு" என்றார். பெருமை தாங்கவில்லை. பிறகு சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, குங்குமம் வைத்து, பொரி படைத்துக் கும்பிட்டோம். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக் கூடாது. எங்கள் தெருவில் யாரும் தொட மாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அரைச் சுற்றில் பெடல் இறுகி நின்றுவிட்டது. முன்னால் இருக்கும் பல்சக்கரம் சரியான வட்டமாக இல்லை. அப்படி இருந்தால் செயின் ஓரிடத்தில் தளரும், ஓரிடத்தில் இறுகும். பெடலை முழுச் சுற்று சுற்றி, இறுகுகிற இடத்தில் வைத்து அளவு பார்க்க வேண்டும். இந்த மகாராஜா தளர்ந்த இடத்தில் பார்த்துவிட்டு முடுக்கியிருந்தார். நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை ஒரு நூல் முன்னால் தள்ளினால் போதும். ஆனால் ஸ்பேனர் சாமிக்கு முன்னால் இருந்தது.

பக்கத்து வீட்டு டிரைவரிடம் ஓடினார். அங்கேயும் பூஜை முடிந்திருந்தது. மூலையில் சைக்கிள் கடை பாயிடம் போனார். கடைப் பையன்களுக்காக அவரும் மாலை போட்டு வைத்திருந்தார். "எல்லாத்துக்கும் பூவு போட்டாச்சு தம்பி, நாளிக்கு வா" என்று ஒரு பொட்டலம் பொரியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். பஸ்ஸை நம்ப முடியாது. ஆட்டோக்கள் எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

பொரியோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வேண்டுமென்றே செய்தாரோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

"நான் வேலைக்குப் போறது புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. செயின ஏன் இறுக்கி வெக்கிறீங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சாமி படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மேஸ்திரியிடம் பர்மிஷன் கேட்பதுபோல, "அவளுக்கு டூட்டி இருக்கு சாமி, லேட்டாவுது" என்றார். ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

இந்தத் தடவை பெடலை முழுச் சுற்று சுற்றினார். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நட்டை முடுக்கினார். விரல் எல்லாம் குங்குமமும் கிரீஸும். பக்கத்து வீட்டு டிரைவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, பூஜை சாமான எடுத்துட்டே?"

"எனக்குத்தாண்ணா இன்னிக்கு லீவு. அவளுக்கு இல்லயே."

நான் ஏறி மிதித்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, ஊரே ஆயுதத்தைக் கீழே வைத்திருந்த அந்த நாளில், அவர் மட்டும் தெரு நடுவில் ஸ்பேனரும் கையுமாக என் செயினையே பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டியூட்டிக்கு நேரமாகிவிடும் என்று போய்விட்டேன்.