எதிரியின் மணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நம் மாதா கோவில் பங்கின் விழா மலருக்குப் பழைய ஆட்கள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கோவிலில் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொல்லாமல் எழுதச் சொன்னார்களே என்றுதான் ஒத்துக்கொண்டேன். எழுத ஆரம்பித்த பிறகு அதுவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும், பெயரெல்லாம் மறந்துபோச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணனூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ரயில் பாதையை ஒட்டி ஒரு தகரக் கிடங்கு இருந்தது. சுற்றிலும் முள்கம்பி வேலி. வேலிக்குள் கிடங்கு, அதன் எதிரில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா கிடங்குக்கு வாட்ச்மேன். கிடங்கில் இருந்தது எதிரியின் சரக்கு.

நான் பிறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ஒரு சண்டை நடந்ததாம். சண்டை மூண்டவுடன் எதிரி நாட்டு வியாபாரக் கப்பல்களை சர்க்கார் பிடித்துக்கொண்டது. குண்டு போடும் கப்பல் இல்லை, சாமான் ஏற்றிப் போகும் கப்பல். பிடித்த கப்பலுக்கு வேறு பெயர் எழுதி ஓட்டிவிட்டார்கள் என்று அப்பா சொல்வார். அழுகிப்போகிற சாமானை உடனே ஏலம் விட்டார்கள். மிச்சத்தை விற்கவும் கூடாது, தொடவும் கூடாது. அது எதிரி ஆளுடைய சரக்கா, இல்லை நடுவில் மாட்டிக்கொண்ட வேறு தேசத்து வியாபாரியுடைய சரக்கா என்று கோர்ட்டு சொல்ல வேண்டும். அதுவரை வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். துறைமுகத்தில் இடம் போதவில்லை என்று அந்த மிச்சத்தை கூட்ஸ் வண்டியில் ஏற்றி எங்கள் பக்கம் அனுப்பிவிட்டார்கள். சண்டை சீக்கிரமே முடிந்தது. வழக்குதான் முடியவில்லை.

வேலிக்குள் வெளியாள் யாரும் வரக்கூடாது. யாருடைய பிள்ளையாவது விளையாட வந்து, கூடவே ஒரு பொருள் காணாமல் போனால் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். அதனால் எனக்கு விளையாட ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கிடங்குக் கதவடியில் உட்கார்ந்திருப்பேன். பூட்டின் மேல் வைத்த அரக்கு முத்திரை வெயிலில் உதிர்ந்து துளித்துளியாய்க் கீழே கிடக்கும். அதைப் பொறுக்கி நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்வேன். மின்சார ரயில் போகும்போது ஜன்னலில் இருப்பவர்களுக்குக் கை காட்டுவேன். சிலர் பதிலுக்குக் காட்டுவார்கள். அவர்கள் யாரும் இறங்குவதில்லை.

தினமும் எங்களைத் தேடி வருகிற ஒரே ஆள் பால்கார அக்கா. அதுவும் வேலிக்கு வெளியே நின்றுதான் ஊற்றும்.

"இன்னா வாட்ச்மேன், உன் எதிரி சௌக்கியமா கீறானா? ராத்திரி நல்லா தூங்கினானா?" என்று கேட்கும்.

அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியாது. "எல்லாம் வெச்சது வெச்சபடி கீது" என்பார்.

அந்தச் சரக்கில் ஒரு கோவில் மணி இருந்தது. மரச் சட்டத்தில் தொங்கவிட்ட வெண்கல மணி, என் உயரம் இருக்கும், விளிம்புக்கு மேலே சிலுவை பொறித்தது. எதிரி நாட்டில் ஏதோ ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் கோவிலுக்காக வரவழைத்தது, வழியில் மாட்டிக்கொண்டது. அதன் நாக்கைத் தனியாகக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள்.

அந்த நாளில் பின்பக்கத்துக் காலனியில் நம் கோவில் ஓலைக் கூரையாக இருந்தது. மணி கிடையாது. வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அது டணால் டணால் என்று பட்டறைச் சத்தம் போடும். கிடங்கில் மணி இருப்பது எப்படியோ தெரிந்து, கோவில் பெரியவர்கள் அப்பாவைக் கேட்க வந்தார்கள்.

"சும்மாதானே கீது? பண்டிகைக்கு மட்டும் கொடு. மறுநாளே கொண்டாந்து வெச்சிடறோம்."

"என்து இல்லீங்களே."

"கோயிலுக்குக் கேக்கறோம், நீ இன்னாடான்னா எதிரிக்கு மாமன் மச்சான் மாதிரி பேசறியே!"

அப்பா மணியைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு பூசைக்குப் போனால் எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். நான் அது எங்களுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்து நன்றாகக் கால் நீட்டி உட்காருவேன்.

அம்மா கடலோரத்துப் பெண். தூத்துக்குடிப் பக்கம். அப்பாவைக் கட்டிக்கொண்டதில் பிறந்த வீட்டோடு பேச்சு அறுந்துபோயிருந்தது. அந்த மணியைப் பற்றி அம்மா மட்டும்தான் வேறு மாதிரி பேசும். "பாவம், எந்த ஊருக்காரவுக துட்டுப் பிரிச்சு வாங்கினாவளோ. கோபுரத்தைக் கட்டி வச்சுக்கிட்டு இன்னும் பாத்துக்கிட்டிருப்பாவ" என்று சொல்லி, ராத்திரி ஜெபமாலையில் அவர்களுக்காகவும் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லும். எதிரிக்காக ஜெபிக்கிற அம்மாவை எனக்குப் புரியவே இல்லை.

அந்த மணிக்கும் வருஷத்தில் ஒரு தரம் வாய் திறக்க அனுமதி உண்டு. பொங்கல் கழிந்து சில நாளில் நகரத்திலிருந்து ஆபீசர் வருவார். கூட ஒரு பியூன், அரக்குக் குச்சி, மெழுகுவத்தி. முத்திரையை உடைத்து உள்ளே போய் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, நிலைமை எப்படி என்று எழுதிக்கொள்வார். மணி விரிசல் விட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது, தட்டித்தான் பார்க்க வேண்டும். பலகையை விலக்கி, மரக் கொட்டாப்புளியால் ஒரே ஒரு தட்டு. ஓங்கென்று எழும்பி, தகரமெல்லாம் அதிர்ந்து, மெல்ல மெல்ல அடங்கும். ஆபீசர் தலையை ஆட்டி எழுதிக்கொள்வார். அவ்வளவுதான், இனி அடுத்த வருஷம்.

அந்த நேரத்துக்கு அம்மா எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு, தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். சத்தம் முழுசாக அடங்கின பிறகு உள்ளே போய் ஆபீசருக்கு மோர் கலக்கி என் கையில் கொடுத்தனுப்பும். ஆபீசர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூச்சத்தோடு, நின்றபடியே குடிப்பார். அதிகம் பேசாத மனிதர்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அம்மா படுத்துவிட்டது. நெஞ்சில் நோய். பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பினால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் என நான் நினைத்துக்கொண்டேன். அப்பா கட்டிலைக் கிடங்கைப் பார்த்த ஜன்னலடியில் போட்டார். பொங்கல் வந்தது, போனது. அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "ஆபீசர் வந்துட்டாவளா?"

அவர் வரவில்லை. அந்த வருஷம் பார்த்துத் தாமதம். எனக்கு ஒரு கணக்கு மனதில் ஏறிவிட்டது. மணி அடித்தால் அம்மா எழுந்து வாசலுக்கு வரும். எல்லா வருஷமும் வந்ததே. அப்படியானால் இந்த மணி அடிக்காததால்தான் படுத்திருக்கிறது.

ஒரு நாள் உச்சி வெயிலில் அவர் வந்து சேர்ந்தார். நான் வேலிவரைக்கும் ஓடினேன்.

"வீட்ல அம்மா இல்லையா பாப்பா?" என்றார், வாசலைப் பார்த்துவிட்டு.

"படுத்துகினு கீது சார். நீங்க மணி அடிச்சா எழுந்துக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நேராகக் கிடங்குக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போய்க் கதவடியில் நின்றேன். மற்ற வருஷம் மணியைக் கடைசியில்தான் பார்ப்பார், அன்று முதலில் அங்கேதான் போனார். கொட்டாப்புளியால் ஒரு தட்டு. ஓங்கென்று எழும்பி அடங்கியது. அவர் எழுதவில்லை. காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார்.

"என்னப்பா, சரியா கேக்கலையே."

"நல்லா கேட்டுச்சு சார்" என்றார் அப்பா.

"உனக்குக் கேட்டுச்சு. கையெழுத்துப் போடறது நான்தானே?" என்று இன்னொரு தட்டு தட்டினார். "ம்ஹூம். கூரை சத்தத்தை முழுங்கிடுது. கதவுப் பக்கம் நகர்த்துங்க."

பியூன் முணுமுணுத்தார். "இவ்ளோ வருஷமா இப்பிடி நகத்தினதே இல்லியே சார். செம கனம்."

"விரிசல் விட்டிருந்தா நீ வந்து பதில் சொல்றியா?"

மூன்று பேருமாகச் சேர்ந்து, உருட்டுக்கட்டை வைத்து மணியைச் சட்டத்தோடு கிடங்கு வாசல்வரைக்கும் தள்ளினார்கள். இப்போது அது எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. மறுபடி தட்டினார். நான் பாவம் பார்த்து, அவர் காதருகே போய்க் கத்தினேன். "சார்! நல்லா கேக்குது சார்!"

"என்ன பாப்பா சொல்றே?" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்று தட்டினார்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். அம்மா எழுந்திருக்கவில்லை. ஆனால் கண் திறந்திருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். கோவில் மணி கேட்டால் சொல்கிற மூவேளை ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அடித்தால் எழுந்துவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. திரும்பி ஓடினேன்.

இப்போது என் பயமெல்லாம் அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான். கேட்டுவிட்டால் நிறுத்திவிடுவாரே. அவர் என்னைப் பார்த்து, "நீ சொல்லு பாப்பா, உனக்குக் கேட்டுதா?" என்றார்.

"கேக்கல சார்."

அப்பா கையை ஓங்கிவிட்டார். "பொய் சொல்லுது சார் கய்தே! ரயில் ஸ்டேசன் வரிக்கும் கேட்டிருக்கும்!"

"குழந்தைக்கே கேக்கலைன்னா என்னன்னு எழுதறது?" என்று ஆபீசர் மறுபடி கொட்டாப்புளியை எடுத்தார்.

எத்தனை தரம் அடித்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொன்றும் முழுசாக அடங்கும்வரை காத்திருந்து காத்திருந்து அடித்தார். காலனி ஆட்கள் வேலியோரமாக வந்து கூடிவிட்டார்கள். எங்கள் பெஞ்சில் உட்காராதவர்களும் வந்திருந்தார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பால்கார அக்கா மட்டும், "இன்னாடி இது, எதிரி இன்னிக்கு நிறுத்தாம பேசறான்" என்றது. பக்கத்து ஃபாக்டரியில் சாப்பாட்டுச் சங்கு ஊதினபோதுதான் ஆபீசர் கொட்டாப்புளியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "விரிசல் இல்லை" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

மணியைத் திரும்ப உள்ளே தள்ளி, மற்றப் பெட்டிகளையும் பார்த்து முடித்துக் கதவுக்கு அரக்கு வைத்தார்கள். நான் வீட்டு வாசற்படியில் வந்து நின்றேன். உள்ளேயிருந்து அம்மா ஏதோ சொன்னது. "அவுகளுக்கு... மோரு..." எனக்கே பாதிதான் காதில் விழுந்தது, என்ன என்று கேட்க உள்ளே திரும்பினேன். அதற்குள், அத்தனை தூரத்தில் கிடங்குக் கதவடியில் நின்றிருந்த ஆபீசர், "வேணாம்மா, குடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அம்மா எழுந்து வரவில்லை. தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டது. அடக்கத்தன்று வேப்பமரத்துத் தண்டவாளத்தைத்தான் அடித்தார்கள். ஆனால் காலனியிலிருந்து நிறையப் பேர் வேலிக்குள் வந்தார்கள், அப்பா யாரையும் தடுக்கவில்லை. அதோடு என் படிப்பும் நின்றது, அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அடுத்த வருஷம் வேறு ஆபீசர் வந்தார். ஒரே தட்டு, தலையாட்டல், கையெழுத்து. பிறகு ஒருநாள் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போனது. நான் வெகு காலம்வரை, ஒரு செவிட்டு ஆபீசரை ஏமாற்றி அம்மாவுக்காக மணி அடிக்க வைத்தேன் என்று நினைத்து, தனியாக இருக்கும்போது பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மலர் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் சொன்னதில் தப்பு இருக்கும். அது எந்த வருஷம், அந்த ஆபீசர் பெயர் என்ன, மணி கடைசியில் எந்த ஊருக்குப் போனது, அந்த ஊர்க்காரர்களுக்காவது கிடைத்ததா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சரியாக எழுதிவிடுங்கள். மோர் விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது அப்படித்தான் நடந்தது.