நூறு மில்லிலீட்டர் மாதா

ஐரோப்பாவுக்குப் போகிறோம் என்று வெளியில் சொன்னதுதான் நாங்கள் விட்ட முதல் பிழை. எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் பாரிஸ், சுவிஸ், ரோம் என்று மூன்று கிழமை, இருபத்தொரு நாள் பயணம். அதில் இரண்டு நாள், மாதாவின் ஊற்றுத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று நம்புகிற லூர்து. ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் செபக்குழுவின் காதில் அந்த இரண்டு நாள் மட்டும்தான் விழுந்தது. லூர்துத் தண்ணீர் கொஞ்சம் வேண்டும் என்று ஆளாளுக்கு என் மனைவியிடம் சொல்லிவைத்தார்கள். அவளும் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டாள்.

நான் ஒரு கொலிச்சில் பொருளியல் படிப்பிக்கிறேன். ஞாயிறு பூசைக்குப் போவேன், ஆனால் மனைவியின் சாரதியாக. பிரசங்கம் நீண்டால் மெல்ல எழும்பிக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுவேன். எனக்கும் சேர்த்து அவளே செபிப்பதால் வீட்டில் அதனால் சண்டையில்லை.

தண்ணீர் கேட்டவர்களில் ஒருத்தி மட்டும் கத்தோலிக்கர் அல்ல. நாங்கள் குடியிருக்கும் ரூஜ் பகுதியில் எங்கள் எதிர்வீட்டில் இருப்பவள்; தமிழ்நாட்டிலிருந்து கம்பியூட்டர் வேலைக்குப் போன வருடம் வந்த இளம் தம்பதி. அந்தப் பிள்ளைக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய்விட்டது. இப்போது ஐந்தாம் மாதம். எழும்பி நடமாடக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். "ஆன்ட்டி, எனக்கும் கொஞ்சம் கொண்டு வருவீங்களா? நாங்க வேற சாமி கும்பிடறவங்க, பரவாயில்லையா?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து என் மனைவிக்கு மற்ற ஓடர்கள் எல்லாம் இரண்டாம் பட்சம். "அந்தப் பிள்ளைக்குக் கொண்டு வராமல் நான் இந்த வாசல்படி மிதிக்கமாட்டன்" என்று என்னிடம் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பயணத்தில் ஹோட்டல் செலவு எங்களுக்கு அநேகமாக இல்லை. பாரிஸில் மனைவியின் தம்பி, சுவிஸில் என் ஒன்றுவிட்ட அக்கா. வாடகைக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஈபிள் கோபுரத்துக்கென்று வெளிக்கிட்டு, வழியில் சொந்தக்காரர் வீடுகளில் ஏறி இறங்கி, கடைசியில் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம். காசு கைமாறாத இந்தச் சந்தையில் எல்லோரும் எப்படித் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரோமில் ஒரு தேவாலயத்தின் பொன் பூசிய முகட்டை அண்ணாந்து பார்த்து, "இதுக்கு ஆர் வரி கட்டினது?" என்று கேட்டேன். மனைவி கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

லூர்தில் ஊற்றுத் தண்ணீர் இலவசம். குழாயைத் திறந்து பிடிக்கலாம். அதைக் கொண்டுபோக வெறும் கானும் போத்திலும்தான் கடையில் விலைக்கு விற்கிறார்கள். அருள் சும்மா, பிளாஸ்டிக்குக்குக் காசு! உற்சாகம் தாங்காமல் மகளுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. "அப்பா, பிளீஸ், வி ஆர் ஒன் வெக்கேஷன்" என்றுவிட்டு, மாதா உருவத்தில் நீலக் கிரீடமே மூடியாக இருந்த ஒரு குட்டிப் போத்திலைப் பகிடிக்கு வாங்கி நிரப்பிக்கொண்டாள். மனைவி ஐந்து லீட்டர் கானை நிரப்பினாள். சக்கர நாற்காலிகள் வரிசையாகக் குகையை நோக்கிப் போயின. தள்ளிக்கொண்டு போனவர்களின் முகத்திலும் அவசரமில்லை. நான் மனைவியிடமிருந்து கானை வாங்கித் தூக்கிக்கொண்டேன்.

வினை பாரிஸ் விமான நிலையத்தில் வந்தது. பெட்டிகளை அனுப்புவதற்குச் சற்று முன்னர், மனைவி பெட்டியைத் திறந்து கானை வெளியே எடுத்தாள்.

"என்ன செய்யிறீர்?" என்றேன்.

"மாதாவின்ரை தண்ணியைச் செருப்புகளோடை அடியிலை போடுறதே? நான் மடியிலை வைச்சுக் கொண்டு வாறன்."

பெட்டியின் நிறை குறைந்த சந்தோசத்தில் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மகளோ போனில் மூழ்கியிருந்தாள்.

சோதனைக்கு நின்ற பெண் கானைத் தூக்கிப் பார்த்ததும் என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு, நூறு மில்லிலீட்டருக்கு மேல் விட முடியாது என்றாள். மகள் ரொறன்ரோப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் கெஞ்சினாள். மனைவி தமிழிலேயே கெஞ்சினாள். குடிக்கலாம், இல்லாவிட்டால் ஊற்றலாம் என்று பதில் வந்தது.

குடித்தோம். மூன்று பேரும் மாறி மாறிக் கானைத் தூக்கிக் குடித்தோம். வரிசையில் நின்ற அந்நியர்களின் போத்தில் மூடிகளிலும் மனைவி வார்த்துவிட்டாள். நம்பிக்கையில்லாத மனுசன் ஒருத்தன் ஒரே நாளில் அவ்வளவு அருளை உள்ளே இறக்கியிருக்கமாட்டான். மிச்சத்தை அந்தப் பெண் வாங்கி, மரியாதையாக, மெதுவாக ஊற்றினாள். தப்பியது மகளின் நூறு மில்லிலீட்டர் மாதா மட்டும்.

விமானத்தில் மனைவி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னாள். "சாதாரணத் தண்ணியிலை ஒரு துளி விட்டால் காணும். எல்லாம் தீர்த்தந்தான்."

"அது காசு அச்சடிக்கிற வேலை" என்றேன். "கூட அச்சடிச்சால் பெறுமதி போயிடும்."

மகள் காதில் இருந்த இயர்போனைக் கழற்றினாள். "அப்பா, உங்கட காசும் வெறும் பேப்பர்தானே? எல்லாரும் பிலீவ் பண்றதாலதானே வேர்க் பண்ணுது?"

இவ்வளவு காலம் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். சாப்பாட்டுத் தட்டைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி செபக்குழுவுக்கு ஆளுக்கொரு போத்திலில் குழாய்த் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு துளி விட்டாள். ஒளிக்கவில்லை, "மிச்சம் ரொறன்ரோத் தண்ணி" என்று எல்லோருக்கும் சொல்லியே கொடுத்தாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெறுமதி இம்மியும் இறங்காததைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கலப்பு இல்லை. போத்திலில் மிஞ்சியது முழுவதும் அவளுக்கு. "நான் வேலையாலை வரப் பிந்தும். நீங்களே குடுத்திட்டு வாங்கோ, அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்" என்று மனைவி போனில் சொன்னாள்.

எதிர்வீட்டில் அவளின் கணவன் கதவைத் திறந்தான். அவள் சோபாவில் காலை உயர்த்திப் படுத்திருந்தாள். போத்திலை இரண்டு கையாலும் வாங்கி, வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், ஆன்ட்டிகிட்ட கேட்டா கண்டிப்பா நல்லது நடக்கும்னுதான் சொல்வாங்க. நீங்க எதையும் கணக்குப் பார்த்துப் பேசறவர்னு அவங்களே சொல்லியிருக்காங்க. நீங்க சொல்லுங்க. இந்தத் தடவை நல்லபடியா நடக்குமா?"

வகுப்பறையென்றால் நிகழ்தகவில் தொடங்கியிருப்பேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றேன்.

அவள் சட்டென்று கண்ணை மூடிக் கைகூப்பினாள். கதவடியில் நின்ற கணவனும் கூப்பினான். என்ன நடந்ததென்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் சொன்னது, யாழ்ப்பாணத்தார் 'ஆமாம்' என்பதற்கு வாய்க்கு வாய் சொல்கிற வெறும் ஓம். அவர்களுக்கு அது மந்திரம். திருத்தலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை. அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். அவள் இன்னும் கண் திறக்கவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை, இந்த முறை நன்றாக நீட்டி, "ஓம்" என்றேன்.