"புஸ்வாணம் எரியுது அண்ணாச்சி"

காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. அதை அடைத்தும் அளந்தும் பிழைக்கிற டயர் கடைக்காரன் சொல்வதையும் யாரும் லேசில் நம்புவதில்லை. இதற்காகத்தான் இப்போது கார்ச் சக்கரத்துக்குள்ளேயே ஒரு சென்சாரை வைத்து, காற்று குறைந்தால் ஓட்டுகிறவர் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கை எரியவிடுகிறார்கள். சில வண்டிகளில் நாலு சக்கரத்தின் காற்றளவும் திரையில் எண்களாகவே தெரியும். சென்சாருக்கே சீக்கு வராதவரை நல்ல ஏற்பாடு. உங்கள் காரிலும் அந்த விளக்கு காரணம் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

என் கடை சிவகாசிக்கு வெளியே விருதுநகர் சாலையில் இருக்கிறது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்தச் சென்சார்கள் வந்த பிறகு, இத்தனை வருடம் கற்றது போதுமா என்ற கேள்வி என்னை விடுவதில்லை. பதில் கிடைக்காததால் ஒரு பிடிவாதத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்: காரணம் தெரியாமல் எந்த விளக்கையும் அணைப்பதில்லை.

பெயர் வந்த கதை

அந்த விளக்கின் படத்தைக் கவனித்திருப்பீர்கள். டயரைக் குறுக்கே வெட்டினாற்போல ஒரு வளைவு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. வரைந்தவருக்கு அது டயர். எங்கள் ஊர்க் கண்ணுக்கு அது பொறி கிளம்புகிற புஸ்வாணம். விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி போர்மேன் ஒருவர்தான் முதலில் வந்து, "அண்ணாச்சி, வண்டியில புஸ்வாணம் எரியுது" என்றார். நான் எழுந்து ஓடுவதற்குள், கடை தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கும் காளியப்பன் தண்ணீர் வாளியோடு காருக்குப் பக்கத்தில் நின்றான். போர்மேன் நிதானமாகக் கதவைத் திறந்து விளக்கைக் காட்டினார்.

சென்சாருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதை விவரமாக எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாங்க செய்யுத புஸ்வாணம் ஒரு வாய் டீ குடிக்கிறதுக்குள்ள அணைஞ்சிருது. இது விருதுநகர்ல பத்துனது, இன்னும் எரியுது. மருந்து எந்தக் கம்பெனி அண்ணாச்சி?" என்றார்.

ஸ்டெல்லா சிஸ்டர்

அந்தப் பெயர் ஊரில் நிலைத்த சமயத்தில்தான் ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார். வீடு நாரணாபுரம். விருதுநகரில் ஒரு மருத்துவமனையில், தீக்காய வார்டில் நர்ஸ். எங்காவது ஆலையில் விபத்து என்றால் எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. அதற்காகவே பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. நாலு சக்கரத்திலும் காற்று குறைவு என்றது திரை. நாலிலும் சரியாக இருக்கிறது என்றது என் கையில் இருந்த கேஜ். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழி கிளம்பவில்லை.

அவருடைய கணவர் பள்ளிக்கூட வாத்தியார். வழியில் நிற்கப் போகிற வண்டி வேண்டாம், விற்றுவிட்டு வேறு வார்டு கேட்டு வாங்கு என்று முடிவாகச் சொல்லிவிட்டாராம். சிஸ்டருக்கு அந்த வார்டை விட மனமில்லை. டயரைப் பிரிக்காமலே சென்சாரோடு பேசுகிற கருவி ஒன்று இருக்கிறது, மதுரையிலிருந்து வரவழைத்துப் பார்க்கிறேன் என்றேன். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த காளியப்பன், வயரைப் பிடுங்கிவிட்டால் விளக்கு அணைந்துவிடும், எதற்கு இவ்வளவு பாடு என்றான். சிஸ்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"வார்டுல மானிட்டர் கத்துச்சுன்னா சொந்தக்காரங்க அதைத்தான் அமத்தச் சொல்லுவாக. நாங்க ஆளைத்தான் பாப்போம்ண்ணே. நீங்களும் ஆளைப் பாருங்க."

முருகனுக்குப் பின்னால்

கருவி வரும்வரை மற்ற வண்டிகள் சும்மா இருக்குமா? அச்சகம் நடத்துகிற ஒருவரின் கார் நொண்டிக்கொண்டே வந்தது. பின்சக்கரத்தில் காற்று சுத்தமாக இல்லை. அப்படியே ஓட்டியதில் டயர் கிழிந்து நார் தெரிந்தது. விளக்கு எரியவில்லையா என்று கேட்டேன். எரிந்தால் தெரியாதா என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மயிலோடு ஒரு குட்டி முருகன் பளபளவென்று நின்றார். அவர் அச்சகத்தில் அடித்த ஸ்டிக்கர்தான். நகத்தால் சுரண்டினேன். முருகனுக்குப் பின்னால் புஸ்வாணம் எரிந்துகொண்டிருந்தது.

மனிதர் கூச்சப்படவே இல்லை. "வெலையைத் தப்பா அச்சடிச்சிட்டா மேல ஒரு லேபிளை ஒட்டித்தான லோடு அனுப்புதோம். தொழில்ல இதெல்லாம் சகஜம் அண்ணாச்சி."

இட்லி மாவு

விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவர், பஞ்சரைத் தானே அடைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்ன பசையை நாலு டயருக்குள்ளும் தாராளமாக ஊற்றியிருந்தார். பிரித்தால் உள்ளே பொங்கிய இட்லி மாவு. சென்சார் அதில் முங்கிக் கிடந்தது. காற்று நுழைகிற துளை அடைத்துப்போய், எவ்வளவு காற்று அடித்தாலும் அதற்குத் தெரியவில்லை. வழித்தெடுக்கவே காலைப் பொழுது போய்விட்டது. "அண்ணே, தோசைக்கல்லப் போட்டுறவா?" என்று காளியப்பன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

எதற்காக இவ்வளவு ஊற்றினீர்கள் என்று வியாபாரியிடம் கேட்டேன். "வத்தல் மூட்டைன்னா உள்ள கைய விட்டு ஈரம் பாத்துருவேன். டயருக்குள்ள கைய விட முடியலியேங்கிற தவிப்புலதான் ஊத்திப்புட்டேன்" என்றார்.

அடைத்த குழாய்

எனக்கும் அதே தவிப்புதான். சிஸ்டர் மறுபடி வந்தபோது, வண்டியை வாங்க அவர் கணவர் ஆள் பார்த்துவிட்டார் என்று சொன்னார். நான் தேடுவது வண்டியின் கோளாறையா, என் மானத்தையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. எதுவானாலும் இன்றைக்கு விடுவதில்லை என்று, மதுரையிலிருந்து வந்து சேர்ந்திருந்த கருவியை எடுத்தேன். சக்கரம் சக்கரமாகக் காட்டினேன். ஒன்றும் பதில் சொல்லவில்லை. திரையிலோ நாலு எண்களும் இருந்தன. நாலும் ஒரே எண். போன தடவையைவிட நாலும் ஒரே அளவு இறங்கியிருந்தன. கூடப்பிறந்தவர்கள்கூட இத்தனை ஒற்றுமையாக நடந்து நான் பார்த்ததில்லை. முன்சக்கரத்தில் காற்றை முழுக்க இறக்கினேன். வண்டி சாய்ந்தது, எண் அசையவில்லை. டயரைப் பிரித்தோம். உள்ளே சென்சாரே இல்லை.

கருவியோடு வண்டியைச் சுற்றி வந்தேன். டிக்கி பக்கத்தில் அது கூவியது. ஸ்டெப்னியைத் தூக்கினால், அடியில் சாக்கு சுற்றிய பிளாஸ்டிக் குழாய், இரண்டு முனையும் அடைத்து ஒட்டியபடி. வேறு ஊராக இருந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியிருக்கும். எங்கள் ஊரில், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். "ரெண்டு பக்கமும் அடைச்ச குழாய நம்மூர்ல எவனாச்சும் தொடுவானா? கைய எடுங்கண்ணே" என்றான் காளியப்பன். நானும் கையை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் முனையில் டயருக்கு வைக்கிற வால்வு ஒன்று கண்ணில் பட்டது. ஊசியை அமுக்கினேன். புஸ்ஸென்று காற்று இறங்கியது. "நாலு நம்பரும் இறங்குது அண்ணாச்சி" என்றார் காருக்குள் இருந்த சிஸ்டர்.

சக்கரத்தில் காற்று இறங்கினாலும் விளக்கு எரியாதபடி செய்து வண்டியை விற்றுத் தள்ளிவிட, யாரோ முன்பே நாலு சென்சாரையும் சக்கரங்களிலிருந்து எடுத்துக் குழாய்க்குள் போட்டுக் காற்றடைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய் மெல்ல மெல்லக் காற்று விட, விளக்கு எரிந்துவிட்டது. குழாயை அறுத்து, நாலையும் அதனதன் சக்கரத்தில் மாட்டினோம். விளக்கு அணைந்தது. சிஸ்டர் அறுத்த குழாயைக் கையில் எடுத்தார். "பக்கத்து பெட்காரருக்கு வயரை மாட்டிட்டு, இம்புட்டு நாளா எம் பேஷண்ட்டுக்கு வைத்தியம் பாத்துருக்கோம்."

வாத்தியார் வந்தார்

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது ஓர் ஆலையில் விபத்து. சிஸ்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதி வழியில் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு எண்தான் இறங்கியது. சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்காமல், வழியில் இருந்த பெட்ரோல் பங்கில் காற்றை நிரப்பிக்கொண்டு நேரத்துக்கு வார்டில் போய் நின்றுவிட்டார்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு வாத்தியாரே வந்தார். பின்சக்கரத்திலிருந்து ஒரு முழு ஆணியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டியை வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். கிளம்பும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம ஸ்கூட்டருக்கும் அந்தப் புஸ்வாணத்த வச்சுத் தர முடியுமா அண்ணாச்சி?"

கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு ஒரு விளக்கை வைத்தார்கள். அதை அணைக்கச் சொல்லி ஊரே என் வாசலில் நிற்கிறது, ஏற்றித் தரச் சொல்லி வந்தவர் இன்றுவரை வாத்தியார் ஒருவர்தான்.